கட்டுமரம் கட்டமரான் ஆன கதை

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச்சொற்கள் என்று ஒரு பட்டியல் எங்கள் ஆட்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். சுருட்டு, மிளகுதண்ணி, கறி, கட்டுமரம். முன்பு மின்னஞ்சலில் சுற்றியது, இப்போது வட்சப்பில் சுற்றுகிறது. அதில் கட்டுமரத்துக்கு மட்டும் ஒரு வால் ஒட்டியிருக்கும்: இன்று உலகமெங்கும் ஓடுகிற இரட்டைப் படகைக் கண்டுபிடித்தவன் தமிழன்! கூடவே வெள்ளை வெளேரென்று ஒரு சொகுசுப் படகின் படமும் இருக்கும்.

இதில் பாதி சரி, பாதி பிழை. சொல் எங்களுடையது. படத்தில் இருக்கிற படகு எங்களுடையது அல்ல. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மைக் கதை அந்தப் பொய்யைவிடச் சுவையானது. அதைவிட முக்கியமாக, அந்தக் கதையில் நாங்கள் வாழ்கிற இந்த மொன்றியலுக்கு இரண்டு இடங்களில் பங்கு இருக்கிறது. ஒன்று 1898, மற்றது 1976. இங்கே முப்பது, நாற்பது வருடமாக இருக்கிற தமிழர்களுக்கே அது தெரியாது.

முதலில் கட்டுமரம் என்றால் என்னவென்று பார்ப்போம். இன்றைய பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில். ஐயா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். கடலுக்குப் போவதை எங்கள் பக்கத்தில் 'தொழிலுக்குப் போறது' என்றுதான் சொல்வோம். மரம் இந்தியாவில் இருந்து வரும். பாரம் குறைந்த, நன்றாக மிதக்கக்கூடிய மரம். அதைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழவும் பக்க மரங்கள் சற்று உயரவும் வைத்து, அணியப் பக்கம் கூராக மேலெழும்படி அடுக்கி, கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். அலை உள்ளே வந்தால் மரங்களுக்கு இடையால் வந்த வழியே போய்விடும். ஆகவே தண்ணீர் இறைக்கிற வேலை இல்லை, நிரம்பித் தாழவும் வழியில்லை. புரண்டால்கூட நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். பெரிய அலை அடிக்கிற திறந்த கரைக்கு இதைவிடப் புத்தியான கலம் கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறின மரம் பாரம் கூடிவிடும் அல்லவா? அப்படி அவிழ்த்துக் கிடந்த மரங்களின் மேல் இருந்துதான் நானும் தம்பியும் பின்னேரங்களில் வாய்ப்பாடு சொன்னோம்.

ஆக, பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. கட்டிய மரம். இரண்டு உடல், நடுவில் இடைவெளி, மேலே ஒரு தட்டு என்பதெல்லாம் அதில் இல்லை.

இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் டம்பியர். பாதி மாலுமி, பாதி கடற்கொள்ளைக்காரர். 1697இல் வெளிவந்த தன் உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். பிறகு சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் அதைக் கண்டார்கள், காணாமல் இருக்கவும் முடியாது. கிழக்கிந்தியக் கம்பனி 1639இல் சென்னையில் காலூன்றியபோது அங்கே துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் ஏற்றி இறக்கும். அந்தப் படகுகளும் போக முடியாத அளவுக்கு அலை அடித்தால், கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். ஓலையால் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிப் போவார்கள். ஒரு பேரரசின் தபால் எங்கள் ஆட்களின் தலையில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சொல் ஆங்கிலத்துக்குள் போனபிறகு கண்டபடி திரிந்தது. 1804இல் ரொபேர்ட் ஃபுல்ரன் என்ற அமெரிக்கர், நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க பிரித்தானியக் கடற்படைக்கு வெடிமருந்து நிரப்பிய மிதவைகளைச் செய்து கொடுத்தார். பூலோன் துறையில் விட்ட அந்த மிதவைகளையும் கட்டமரான் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் கட்டமரான் என்று திட்டினார்கள்! கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து மக்கள், பனிக்காலத்தில் விறகு இழுக்கிற மரச் சறுக்கு வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

நியூஃபவுண்ட்லாந்து என்றதும் உங்களுக்கு 1986 ஞாபகம் வந்திருக்கும். அந்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, அந்தக் கரைக்கு அப்பால் மூடுபனிக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டு இருந்தார்கள். ஜேர்மனியில் இருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர்களைக் காப்பாற்றிய கஸ் டோல்ரன் ஒரு மீனவர். பின்னர் அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்களுடைய சொல் அந்தக் கரைக்கு எங்களுக்கு முந்தியே போய், விறகு இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

சரி, இரட்டைப் படகு எங்கிருந்து வந்தது? பசுபிக் தீவுகளில் இருந்து. பொலினீசிய மக்கள் இரண்டு நீண்ட ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்கு மரங்களால் இணைத்து, பாய் விரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தீவுகளில் குடியேறினார்கள். அகலம் இருப்பதால் சாயாது. பாரம் ஏற்றி நிமிர்த்தி வைக்கத் தேவையில்லை. ஒவ்வோர் உடலும் ஒடுக்கமாக இருப்பதால் தண்ணீரை வெட்டிக்கொண்டு ஓடும். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. எங்களை யாராவது திருடினால் கொதிக்கிற நாங்கள், இன்னொரு சிறிய இனத்தின் சொத்தை எங்கள் பெயரில் எழுதுவது எந்த நியாயம்?

எங்கள் சொல் அவர்களுடைய படகில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஆங்கிலம்தான். சேர்த்துக் கட்டிய எதுவும் அவர்களுக்குக் கட்டமரான். 1876இல் நதானியல் ஹெரஷொஃப் என்ற அமெரிக்கப் படகுச் சிற்பி 'அமரிலிஸ்' என்ற இரட்டைப் படகைச் செய்து நியூயோர்க்கில் நடந்த போட்டியில் விட்டார். மற்றப் படகுகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓடியது. தோற்ற கனவான்கள் என்ன செய்தார்கள்? இது சரியான படகே இல்லை என்று போட்டியில் இருந்து விலக்கிவிட்டார்கள். ஹெரஷொஃப் அடுத்த ஆண்டு தன் வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். ஆனால் பெரிய கழகங்களின் கதவு திறக்கவில்லை.

இனி மொன்றியலுக்கு வருவோம்.

இந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் சென் லோரன்ஸ் ஆறு அகன்று ஓர் ஏரியாகக் கிடக்கிறது. சென் லூயி ஏரி. அதன் கரையில் லஷீன். ஆற்றுவழியாகச் சீனாவுக்குப் போகலாம் என்று அலைந்த லாசால் என்ற பிரெஞ்சுக்காரரைக் கேலி செய்து வைத்த பெயர். 'லா ஷீன்' என்றால் சீனாதான். எதிர்க்கரையில் கானவாகெ, மோஹோக் மக்களின் ஊர். அந்தத் தண்ணீரில் முதலில் ஓடியவை பூர்வகுடிகளின் கனூக்கள். பிறகு தோல் வியாபாரிகளின் பெரிய கனூக்கள் லஷீனில் இருந்துதான் மேற்கே புறப்பட்டன. லஷீனுக்குப் பக்கத்தில் டோர்வல். அங்கே 1888இல் ஆங்கிலம் பேசுகிற வசதியானவர்கள் றோயல் சென் லோரன்ஸ் படகுக் கழகத்தைத் தொடங்கினார்கள்.

அந்தக் கழகத்தின் மூளை ஜோர்ஜ் ஹெரிக் டுகன். லஷீனில் இருந்த டொமினியன் பிரிட்ஜ் கம்பனியின் பொறியியலாளர். 1917இல் கட்டி முடிந்த கியூபெக் பாலத்தின் பின்னால் இருந்த முக்கிய பொறியியலாளர்களில் ஒருவரும் அவர்தான். படகு வடிவமைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1896இல் அவருடைய 'கிளென்கேர்ன்' நியூயோர்க் பக்கம் போய் சீவனாக்கா கோப்பையை வென்று வந்தது. அதன்பிறகு 1905வரை அந்தக் கோப்பை மொன்றியலை விட்டுப் போகவில்லை.

1898இல் டுகன் 'டொமினியன்' என்ற படகோடு வந்தார். பாலம் கட்டுகிறவரின் புத்தி அதில் தெரிந்தது. படகின் அடிப்பாகத்தை நடுவில் வில்லுப்போல மேலே வளைத்துவிட்டார். மேலே ஒரே தட்டு, ஆனால் தண்ணீரில் படுவது இரண்டு பக்கமும் உள்ள ஒடுக்கமான பகுதிகள். பார்வைக்கு ஒரு படகு, ஓட்டத்துக்கு இரண்டு. சென் லூயி ஏரியில் நடந்த போட்டியில் அமெரிக்கப் படகை அது வென்றது. அமெரிக்கர்கள் கொதித்தார்கள். "இது படகு இல்லை, கட்டமரான்" என்பதுதான் அவர்களுடைய குற்றச்சாட்டு. கோப்பை மொன்றியலிலேயே தங்கியது. ஆனால் அந்த வடிவம் பின்னர் விதிகளால் தடுக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். எங்கள் கரையின் சொல், லஷீனில் இருந்து கூப்பிடு தூரத்தில், கனவான்களின் வாயில் ஒரு வசைச்சொல்லாக இருந்திருக்கிறது. அப்போது இந்த நகரத்தில் தமிழர் யாரும் அதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது 1976. மொன்றியல் ஒலிம்பிக் என்றால் எல்லோருக்கும் நாடியா கொமனேச்சி ஞாபகம் வருவார், அல்லது இந்த நகரம் 2006வரை கட்டி முடித்த மைதானக் கடன் ஞாபகம் வரும். பாய்ப்படகுப் போட்டிகள் இங்கே நடக்கவில்லை. 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஒன்ராரியோ ஏரி சென் லோரன்ஸ் ஆறாக மாறுகிற கிங்ஸ்ரனில் நடந்தன. அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக ஓர் இரட்டைப் படகு போட்டி வகையாகச் சேர்க்கப்பட்டது. ரொர்னாடோ என்று பெயர். இங்கிலாந்தில் ரொட்னி மார்ச் 1960களில் வடிவமைத்தது. சுமார் 20 அடி நீளம், 10 அடி அகலம், இரண்டு பேர் ஓட்டுவது. பிரித்தானியாவின் ரெஜ் வைட்டும் ஜோன் ஒஸ்போர்னும் தங்கம் வென்றார்கள். அமரிலிசை விலக்கியது 1876, ரொர்னாடோவை ஏற்றுக்கொண்டது 1976. சரியாக நூறு வருடம்! 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்காக் கோப்பைக்கே 72 அடி நீளக் கட்டமரான்கள்தான் ஓடின.

இது அங்கே. ஊரில் என்ன நடந்தது?

1967இல் நோர்வேக்காரர்களும், 1956இலேயே நோர்வேக்குப் போய்ச் சேர்ந்த குருநகர் அன்ரனி ராஜேந்திரமும் சேர்ந்து சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காரைநகரில் கண்ணாடி நாரிழைப் படகுகள் செய்தார்கள், குருநகரில் வலை செய்தார்கள். இயந்திரம் பூட்டிய படகு வந்தது, கட்டுமரம் மெல்லப் பின்வாங்கியது. இது இயற்கையான மாற்றம், இதில் அழ ஒன்றும் இல்லை. ஆனால் போர் வந்தபோது கடலே பூட்டப்பட்டது. இந்த நேரத்துக்குப் பிறகு போகாதே, இந்தத் தூரத்துக்கு மேல் போகாதே, இவ்வளவு குதிரைவலுவுக்கு மேல் இயந்திரம் பூட்டாதே என்றார்கள். மயிலிட்டித் துறைமுகம் 1990இல் மக்களிடம் இருந்து போனது, 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடம் ஒரு துறை சும்மா கிடந்தால் ஒரு தலைமுறை கடல் தெரியாமல் வளரும். பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை எடுத்த கட்டுமரங்களுக்குப் பதிலாக ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உதவி நிறுவனங்கள் கொடுத்தவை பெரும்பாலும் நாரிழைப் படகுகள்.

இப்படி ஊரில் கட்டுமரம் குறையக் குறைய, உலகத்தில் கட்டமரான் கூடியது. அதுவும் விடுமுறைக்கு.

நோர்வேயில் இருக்கிற மச்சான் ஒருவர் சொன்னார். கோடையில் சின்னத் தீவு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கி, ஒரு கிழமை பாய்ப்படகு ஓட்டுகிற விடுமுறைகள் அங்கே இருக்கின்றனவாம். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற சவாரி இல்லை. கயிறு இழுப்பது, பாய் சுருட்டுவது, இரவில் முறைபோட்டுக் காவல் இருப்பது, சமைப்பது எல்லாம் காசு கட்டினவர்களே செய்ய வேண்டும். "ஐயாவுக்குச் சொன்னா சிரிப்பார், என்ன?" என்றார் மச்சான். ஐயா இருந்திருந்தால் உண்மையில் சிரித்திருப்பார். உள்ளங்கைத் தோல் உரியக் கயிறு இழுக்கிறதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று கேட்டிருப்பார்.

ஆனால் நான் அதைக் கேலியாகப் பார்க்கவில்லை. கடலில் வேலை செய்வதில் ஒரு சந்தோசம் உண்டு. காற்று பாயில் ஏறி, பருமல் முறுகி, மரம் துள்ளிக்கொண்டு ஓடத் தொடங்குகிற அந்தக் கணத்தில் ஐயாவின் முகத்தைக் கண்டவன் நான். அது வயிற்றுப்பாட்டுக்கான முகம் மட்டும் அல்ல. எங்கள் மாலுமிகளுக்கும் அந்தச் சந்தோசம் தெரிந்திருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை, தன் சொந்த உல்லாசத்துக்காக வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வை மாலுமிகள் அதை அத்திலாந்திக் தாண்டி ஓட்டி, 1938இல் மசசூசெற்ஸில் உள்ள குளொஸ்ரரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மார்தட்ட வேண்டும் என்றால் இதற்குத் தட்டுங்கள். இதில் பொய் கலக்கத் தேவையில்லை.

மார்தட்டுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் படித்த பள்ளிக்கூடம் எங்கள் கரையில் இருந்து உள்ளே, பட்டணப் பக்கம் இருந்தது. பெயர் வேண்டாம். கணக்குப் பிழைத்தால் வாத்தியார், "உனக்கேன் படிப்பு? போய் மரம் வலி" என்பார். வகுப்பு சிரிக்கும். எனக்கு மட்டும் நடந்தது இல்லை, எங்கள் கரையில் இருந்து போன எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்தது. மீன் எல்லோருடைய குசினிக்கும் போனது. மீன் பிடித்தவன் சிலருடைய வீட்டுத் திண்ணைக்கு மேல் போக முடியவில்லை. இன்றைக்கும் மொன்றியலில் கல்யாணம் பேசும்போது, "எந்தக் கரை?" என்று தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கோட் டெ நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் எல்லோரும் ஒரே உணவகக் குசினிகளில் ஒரே கோப்பைகளைத்தான் கழுவினோம். அப்படியிருந்தும் அந்தக் கேள்வி கப்பலேறி வந்திருக்கிறது.

அதே வாய்கள்தான் மேடையில் கட்டுமரம் தமிழனின் பெருமை என்கின்றன. எந்தத் தமிழனின் பெருமை என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா? அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் புலவர்களோ மன்னர்களோ அல்ல. சென்னையில் ஓலைத் தொப்பிக்குள் கடிதம் செருகிக்கொண்டு போனவனும் மயிலிட்டியில் விடியச் சாமம் மரம் தள்ளினவனும்தான் கொடுத்தார்கள். அவர்களை விலக்கி வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட முடியாது. நியூயோர்க் கனவான்கள் படகை விலக்கினார்கள். நாங்கள் படகுக்காரனை விலக்கினோம்.

எங்களுக்கும் கடலுக்கும் இடையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்குக் கடல் என்றால் நேவி, இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், 2010இல் 492 பேரோடு வன்கூவர் பக்கம் வந்த சன் சீ கப்பல். ஆகவே பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடப் பயப்படுகிறோம். பயத்துக்குக் காரணம் உண்டு, விளங்குகிறது. ஆனால் ஆற்றுக்கு நடுவில் உள்ள ஒரு தீவில் குடியிருந்துகொண்டு தண்ணீரைத் தெரியாமல் வளர்வது பரிதாபம். லஷீனிலேயே பாய்ப்படகு பழக்குகிற பள்ளி இருக்கிறது. பனி உருகியபிறகு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கரையில் நில்லுங்கள். இரட்டைப் படகு ஒன்று போனால், அந்த வடிவம் பசுபிக் மக்களுடையது, அதன் பெயர் எங்கள் கரையாருடையது என்று சரியாகச் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பெருமை குறையாது.

வீட்டில் கரையில் பிறந்த பெரியவர்கள் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். படகு போனதுபோல அதன் சொற்களும் போய்க்கொண்டு இருக்கின்றன. அணியம், பருமல், தண்டயல் என்றால் என்னவென்று என் மகளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, கையில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு கேட்டு எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் காற்றின் பெயர்களில் தொடங்குங்கள். சோளகம், வாடை, கச்சான், கொண்டல். எந்த மாதம் எது வரும், வந்தால் மரம் தள்ளலாமா கூடாதா என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.